கறுப்பு ஓரம் போட்ட உறை

பெங்களூர்
14.9.1957

நாலு மணி பத்து நிமிஷம், அக்கா.

முதலில் வணக்கம் எழுத வேண்டும், மறந்துவிட்டேன். நீயும் மாமாவும் சுகமா? குழந்தை பால் குடிக்கிறாளா? நான் இருக்கிறேன்.

காரியத்துக்கு நேரம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். காந்தாவின் உயிர் எத்தனை மணிக்குப் போனது என்று ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. நர்ஸ் ஒன்று சொல்கிறாள், ஆயா ஒன்று சொல்கிறாள். செய்தி எனக்கு வந்த நேரம் மட்டும் நிச்சயம். மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு பத்து. அலெக்சாண்டர் துரையின் ஒர்க் ஷாப்பில் ஒரு போனைப் பழுது பார்த்து முடித்து, மணி அடிக்கிறதா என்று பார்க்க லைனில் மாட்டினேன். மாட்டின உடனே அடித்தது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எடுத்தால் ஆஸ்பத்திரி.

அந்தச் சந்தோஷம் ஒரு மூன்று விநாடி இருந்திருக்கும். அதை யோசித்தால்தான் தாங்கவில்லை.

காந்தா எனக்கு விட்டுப்போன ஆறு நாள் குழந்தையை நீ எடுத்துக்கொண்டு போனது நல்லதுதான். பால் புட்டியைக் கொதிக்கவைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. எலக்ட்ரிகல் டிப்ளமாவில் அது இல்லை.

மாமாவுக்கு வணக்கம்.

தம்பி
ஜெயவேலு


சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்
2.10.1957

அன்புத் தம்பி ஜெயவேலுவுக்கு அக்கா ஞானம்மாள் எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதும்போது கை நின்றுவிடுகிறது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக இந்த லைன் வீட்டிலிருந்து இரண்டு பேர் சுகம் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

குழந்தை ராத்திரியெல்லாம் கத்துகிறாள். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டுகிறாள். மாமா சுரங்கத்திலிருந்து வந்து கையைக் கழுவிவிட்டு முதல் வேலையாக இவளைத்தான் தூக்குகிறார். "கீழ வெடி வைக்கிற சத்தமே தேவலடி, இவ தொண்டைக்கு" என்கிறார். ஜானகி என்று கூப்பிடுகிறோம். உனக்குச் சம்மதமா? காந்தாவின் அம்மா பேர் என்று நீ ஒருதரம் சொன்னதாக ஞாபகம்.

சாப்பிடுகிறாயா? எழுது. ஒரு வரி என்றாலும் எழுது.

அக்கா
ஞானம்மாள்


பெங்களூர்
8.12.1957

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் சுகமாக இருப்பீர்கள். ஜானகி என்ற பேர் நன்றாக இருக்கிறது. இரண்டு மாதம் பதில் போடாததற்குக் காரணம் இல்லை. காகிதத்தை எடுத்துத் தேதி போடுவேன். அதற்குமேல் வராது.

அலெக்சாண்டர் துரை ஒர்க் ஷாப்பை மூடிவிட்டு லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். நான் ஸ்ரீராம்புரத்துக்கு வந்துவிட்டேன். கிருஷ்ணப்பா என்பவரின் மருந்துக்கடையில் பின்னால் ஒரு அறை. வாடகை கிடையாது. கடையில் போன் இருக்கிறது. சுற்றி நாலு தெருவுக்கும் அது ஒன்றுதான். யாருக்குப் போன் வந்தாலும் நான் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும். என்னைத் தூரத்தில் பார்த்தாலே பெண்கள் இடுப்புக் குழந்தையைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். நல்லதுக்கு யார் போன் பண்ணுகிறார்கள்?

ஒரு விஷயம். இங்கே ஒரு மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் வேலை தருகிறேன் என்கிறார்கள். குவார்ட்டர்ஸ் உண்டு, குழாய் உண்டு. குழந்தையை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் மார்ச் 31க்குள் முந்நூறு ரூபாய் ஜாமீன் கட்ட வேண்டும். ஊரில் கேட்கக்கூடிய எல்லோரிடமும் காந்தாவின் வைத்தியத்துக்கே கேட்டாகிவிட்டது.

துரை போகும் முன்னால் ஒரு விலாசம் கொடுத்தார். படித்துவிட்டுக் கஷ்டத்தில் விழுந்தவர்களுக்கென்று மௌரீன் என்ற அம்மாள் ஒரு நிதி வைத்திருக்கிறாராம். ரிச்மண்ட் டவுனில் பழைய பங்களா. காரியதரிசி ஆராவமுதன் என்று ஒரு ஐயங்கார். போனேன். வெராண்டாவில் எனக்கு முன்னால் ஒரு வக்கீலும் ஒரு டிராயிங் வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"டிகிரியா, டிப்ளமாவா?" என்றார் ஆராவமுதன்.

"டிப்ளமா சார்."

"போறும். எங்க ரூல்படி டிப்ளமாவிலேர்ந்து தரித்திரம் அலவுட்."

சிரிக்கச் சொன்னதுதான். எனக்கு முகம் அசையவில்லை. அவருக்கே சங்கடமாகி, உட்காரும், காபி சாப்பிடறேளா என்று கேட்டார். நான் ஏழை என்பதற்கு கெஸட்டட் ஆபீசர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நிரந்தர விலாசம் என்று ஒரு கட்டம் இருந்தது. மருந்துக்கடைப் பின்னறையை எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று உன் விலாசத்தை எழுதினேன். பதில் அங்கேதான் வரும். வந்த அன்றே எனக்கு அனுப்பு, அக்கா. வேறு எந்த வழியும் இல்லை.

ஜெயவேலு


சாம்பியன் ரீஃப்
9.1.1958

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். ஜானகி நேற்று தானாகக் குப்புற விழுந்துவிட்டாள். விழுந்துவிட்டு, யார் தள்ளிவிட்டது என்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள்.

நிதியிலிருந்து ஒன்றும் வரவில்லை. மாமா, "படிக்கவெச்சது பிச்சை எடுக்கவா?" என்று கேட்டார். பிறகு அவரே, "கெடைச்சா கெடைக்கட்டும், மச்சானுக்கு யாரு குடுக்கறா" என்றார்.

மில் குவார்ட்டர்ஸில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? கேட்கிறேன், அவ்வளவுதான். அவளுக்கு நான் தட்டினால்தான் தூக்கம் வரும்.

பசி, தலைவலி, பணம் இல்லை என்று ஏதாவது எழுதேன். உன் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


பெங்களூர்
10.2.1958

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே.

உங்கள் பக்கத்து ஆண்டர்சன்பேட்டைக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். அவரிடம் என் வாட்ச்சை மாமாவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சாவி கொடுத்தால் ஓடும். எனக்கு இனி நேரம் பார்க்கிற தேவை இல்லை. காந்தாவின் புடவைகளை எதிர்வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன். டிப்ளமா, நாலு கருவிகள் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி, மேலே உன் பேரை எழுதி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் சாங்கி ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறேன். அங்கே சத்தம் இல்லை.

எனக்கு ஒன்று ஆனாலும் ஜானகி உன்னிடம்தான் இருப்பாள். அது தெரிந்த விஷயம்தான். சும்மா எழுதுகிறேன்.

நிதிக் கடிதம் வந்ததா?

ஜெயவேலு


பெங்களூர்
1.3.1958

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. வாட்ச் வந்ததா?

இருபதாம் தேதி சாயங்காலம் தங்கவயலிலிருந்து ட்ரங்க் கால் என்று எக்ஸ்சேஞ்சில் சொன்னார்கள். எடுத்து, கிருஷ்ணப்பா மெடிக்கல்ஸ், யாருக்குப் பேசணும் என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு வைத்துவிட்டார்கள். நீங்களா? லைனில் பழுதாக இருக்கலாம்.

மார்ச் முடிய முப்பது நாள் இருக்கிறது. கமிட்டி பிப்ரவரியில் கூடுவதாக ஆராவமுதன் சொல்லியிருந்தார். தபால்காரரை ஒருதரம் விசாரித்துப் பார். மில் மானேஜர் என் இடத்துக்கு இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஜெயவேலு


சாம்பியன் ரீஃப்
14.3.1958

தம்பிக்கு,

சுகம். வாட்ச் வந்தது. போன் நாங்கள் பண்ணவில்லை. கடிதம் ஒன்றும் வரவில்லை. ஜானகிக்குக் கீழ்ப் பல் ஒன்று தெரிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஏரிப் பக்கம் போகாதே.

அக்கா


பெங்களூர்
6.4.1958

அக்காவுக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

முப்பத்தொன்றாம் தேதி போய்விட்டது. முதல் தேதி அந்த இடத்தில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். மறுநாள் ரிச்மண்ட் டவுனுக்கு நடந்தே போனேன். எதற்கு என்று தெரியாது. இல்லை என்றாவது ஒருவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

ஆராவமுதன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "என்ன ஓய், இப்பத்தான் வரேள்? உமக்கு சாங்ஷன் ஆச்சே! முழுசா முந்நூறு. பிப்ரவரி பதினேழே லெட்டர் போட்டாச்சு. இருபத்தோரு நாளுக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும். வரலைன்னா அடுத்த பேருக்குப் போயிடும். அந்த வக்கீலுக்குப் போயிடுத்து. அவருக்குக் கண் போயிண்டிருக்கு."

கடிதம் வரவில்லை என்றேன். அவர் மேஜையைத் திறந்து அவர்கள் அனுப்புகிற உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். "இந்த மாதிரி வந்திருக்கணுமே?"

நாலு பக்கமும் விரல் அகலத்துக்குக் கறுப்பு ஓரம், அக்கா.

மௌரீன் அம்மாளின் மகன் நோயல். இன்ஜினியரிங் படித்துவிட்டு, வேலை இல்லாமல், யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுச் செத்துப்போனவன். அவன் நினைவாகத்தான் நிதி. அவர்கள் வழக்கப்படி துக்கக் காகிதம். தான் உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறாராம்.

"சார், நம்ம ஜனங்க இத வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போவாங்களா?" என்றேன்.

அவர் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்காத்துலயும் எடுத்துண்டு போகமாட்டா" என்றார். "நேக்கு ஏன் இத்தனை நாள் தோணலை? பதினோரு வருஷமா அனுப்பறோம். மூணு பேர்ல ஒருத்தர் வரதே இல்லை. படிச்சவா, கர்வம், வாங்கக் கூச்சப்படறான்னு மீட்டிங்குல எழுதி வச்சிருக்கோம் ஓய்."

டிசம்பரில் மறுபடி மனுப்போடச் சொன்னார். டிசம்பரில் அந்த வேலை இருக்காது.

கேட்பது ஒன்றுதான். அந்த உறை எங்கே?

ஜெயவேலு


சாம்பியன் ரீஃப்
27.4.1958

தம்பிக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உறை வந்தது. பிப்ரவரி இருபதாம் தேதி மத்தியானம். தபால்காரர் சிரில் எப்போதும் ஜன்னலில் போட்டுவிட்டுப் போகிறவர், அன்றைக்கு வாசலிலேயே நின்றார். "ஞானம்மா, உள்ள எடுத்துட்டுப் போவாத. இங்கயே பாத்துடு" என்றார். சுற்றிலும் கறுப்பு. பெங்களூர் முத்திரை. பேர் டைப் அடித்திருந்தது. கறுப்பைப் பார்த்த கண்ணுக்கு அது யார் பேர் என்றுகூடப் படிக்கத் தோன்றவில்லை. உன் வாட்ச் வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பெங்களூரிலிருந்து எனக்குச் சாவுச் செய்தி வர உன்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

பிரித்தால் நீ செத்துப்போய்விடுவாய் என்று தோன்றியது. பிரிக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாய். எனக்குப் படிக்கத் தெரியும், எட்டாவது வரை படித்தவள். இருந்தும் பிரிக்கவில்லை. வாசலிலேயே நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

மாமா ஷிப்டு முடிந்து வந்தார். ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். "யாருடி?" என்றார். "ஜெயவேலு போயிட்டான்." "எப்படியாம்?" "தெரியல. படிக்கல." "படிக்காமயே எப்படிடி சாவடிச்ச?" என்று கையைப் பிடித்துத் தபால் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார். போன் போட்டார்கள். என் காதில் வைத்தார்கள். நீ பேசினாய். யாருக்குப் பேசணும் என்று கேட்டாய். எனக்குக் குரலே வரவில்லை.

அது நிதிக் கடிதம் என்று அப்போது தெரியாது. உன் மார்ச் மாதக் கடிதம் பார்த்துத்தான் புரிந்தது. சொல்ல வேண்டும் என்று மூன்று தரம் எழுதினேன். அப்போது சொல்லியிருந்தால் நாள் இருந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதே.

ஜானகி என்னை அம்மா என்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஞானம்மாள்


பெங்களூர்
3.5.1958

அக்காவுக்கு,

கறுப்பு ஓரத்துக்குப் பயந்து கிழித்தாய். நம்புகிறேன். மார்ச்சில் எதற்குப் பயந்தாய்? நான் சாவதற்கா, நான் பிழைத்து வந்து குழந்தையைக் கேட்பதற்கா?

பதில் வேண்டாம்.

ஜெயவேலு


பெங்களூர்
11.6.1958

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். ஜானகி சுகம்.

பதில் வேண்டாம் என்று எழுதினேன். நீயும் எழுதவில்லை. ஒரு மாதம் கழித்துப் போன ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாய். குழந்தையைக் கடை மேஜைமேல் உட்காரவைத்தாய். பக்கத்தில் பால் புட்டி, துணி மூட்டை, என் வாட்ச். "ஒன் புள்ளய நீ வச்சுக்கோ. நான் திருடி இல்ல" என்றாய். கிருஷ்ணப்பா, "அம்மா, நீராவது குடிங்க" என்று டம்ளரோடு பின்னாலேயே ஓடினார். நீ திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவள் உன் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பாய்.

மூன்று நாளாகக் கத்துகிறாள். நான் தட்டினால் கையைத் தள்ளிவிடுகிறாள். புட்டியைக் கொதிக்கவைக்கக் கற்றுக்கொண்டேன். போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டதுபோல எழுந்துகொள்கிறாள். யாரையாவது கூப்பிட ஓட வேண்டும் என்றால் இவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிறேன். நேற்று ஒரு வீட்டில் மரணச் செய்தி சொல்லப் போனேன். இவளைப் பார்த்து அந்த வீட்டுப் பெண் சிரித்துவிட்டாள். அதன்பிறகு எனக்குச் சொல்ல வரவில்லை. போன் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி இருபதாம் தேதி சாயங்காலம் நான் பெட்டியைப் பூட்டி, அறைச் சாவியைக் கிருஷ்ணப்பாவின் கல்லாவில் வைத்துவிட்டேன். செருப்பைப் போடவில்லை. இனி எதற்கு என்று நினைத்தேன். படி இறங்கும்போது போன் அடித்தது. கடையில் வேறு யாரும் இல்லை, எடுத்தேன். மூச்சுச் சத்தம். பேசச் சொல்லிக் கத்தினேன். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். போனில் பழுது இருந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது, உனக்குத் தெரியும். உட்கார்ந்து கழற்றினேன். ஒவ்வொரு திருகாகப் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை. மறுபடி மாட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. ஏரிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

அந்த உறையை நீ பிரித்திருந்தால் போன் வந்திருக்காது. உறை மட்டும் மறுநாள் தபாலில் வந்திருக்கும், எனக்கு முந்நூறு ரூபாய் கிடைத்தது என்று. வாங்கிப் பார்க்க நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆராவமுதன் ஆள் அனுப்பியிருந்தார். கிருஷ்ணப்பா கடை விலாசமே போதும், டிசம்பரில் எழுதும் என்றார். அந்த அம்மாள் ஓரத்தை மாற்றச் சம்மதிக்கவில்லையாம். ஆனால் கறுப்பு உறையை வேறு ஒரு வெள்ளை உறைக்குள் போட்டு அனுப்பலாம் என்றாராம். டிசம்பருக்கு ஆறு மாதம் இருக்கிறது. அதுவரை இந்த மருந்து வாடையில் குழந்தையை வளர்க்க முடியாது. குழந்தையைக் கேட்பதற்கா என்று நான் மே மாதம் எழுதியது கோபம், அவ்வளவுதான்.

நீ எதற்குப் பயந்தாய் என்று இனி கேட்கமாட்டேன். எனக்கும் அதே பயம்தான் இப்போது. அவள் இடுப்பிலிருந்து இறங்கிவிட்டால் நான் என்ன ஆவேன் என்று.

மாமாவை அழைத்துக்கொண்டு வா. இவளைக் கூட்டிக்கொண்டு போ. சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். உன்னை அம்மா என்று கூப்பிடட்டும், என்னைப் பிறகு ஏதாவது கூப்பிடட்டும். வாட்ச்சை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம். பால் கொடுக்க நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது நாலு மணி. இப்போதுதான் தூங்கினாள், என் சட்டைப் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு. ஒரு கையால் எழுதுகிறேன். நாலு பத்துக்கு நான் எப்போதும் கடைப் போனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கு அது அடித்து இவளை எழுப்ப வேண்டாம், கிருஷ்ணப்பா திட்டினால் திட்டட்டும்.

நீ போன் பண்ணாதே, அக்கா. ரயிலேறி வந்துவிடு. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

தம்பி
ஜெயவேலு